பழைய கார்களோடு கூட்டமாக மலை ஏறுவது எப்படி: ஆரம்பம் முதல் கடைசி வரை

முதல் தடவை இப்படி ஒரு பயணத்தை ஏற்பாடு செய்தபோது அடிவாரத்தில் 11 கார்கள் கிளம்பினோம். உச்சியில் எண்ணிப் பார்த்தால் 10தான் இருந்தது. அதுவும் உடனே எண்ணவில்லை, எல்லோரும் அவரவர் காரைப் பள்ளத்தாக்குப் பின்னணியில் நிறுத்திப் படம் எடுத்து முடித்த பிறகுதான் எண்ணினோம். பதினோராவது கார் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் ஃபேன் பெல்ட் அறுந்து நின்றிருந்தது. போனில் சிக்னல் இல்லை. அவரிடம் டிக்கியில் புது பெல்ட் இருந்தது, ஆனால் டைனமோவின் (பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய வகை ஜெனரேட்டர்) போல்ட்டைத் தளர்த்தும் அளவில் ஸ்பேனர் இல்லை. 50 நிமிடம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாலையையே பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த ஸ்பேனர் எங்களில் நாலு பேரிடமாவது இருந்திருக்கும்.

அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான் கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. குழுவிலேயே பலவீனமான கார் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள், மொத்தப் பயணத்தையும் அதற்காகத் திட்டமிடுங்கள். வலுவான கார்கள் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்.

படி 1: முதலில் கார் பட்டியல், அப்புறம்தான் பாதை

பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். யாரோ ஒரு அழகான மலைச் சாலையின் படத்தை அனுப்புவார், உடனே தேதி முடிவாகிவிடும். அப்படி வேண்டாம். வர விரும்பும் ஒவ்வொருவரிடமும் இதையெல்லாம் எழுதி வாங்குங்கள்: எந்த வருட வண்டி, எத்தனை குதிரைத்திறன், டிரம் பிரேக்கா டிஸ்க்கா, 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, டைனமோவா அதற்குப் பின்னால் வந்த ஆல்டர்னேட்டரா, ஒரு டேங்குக்கு எவ்வளவு தூரம் ஓடும், கடைசியாக 100 கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாக எப்போது ஓடியது. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். 'நன்றாகத்தான் இருக்கிறது, கண்காட்சிக்கெல்லாம் கொண்டு போனேன்' என்றால் லாரியில் ஏற்றிப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

எது பழைய கார் என்ற விவாதமும் வரும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா குறைந்தது 30 வயது என்று வைத்திருக்கிறது. எனக்கு வயது முக்கியமில்லை, கூடப் போகும் கார்களோடு வேகம் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம்.

குதிரைத்திறனை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும், காற்று மெலிவதால். 2000 மீட்டரில் 40 குதிரைத்திறன் வண்டி 32 போலத்தான் நடந்துகொள்ளும். அதில் நாலு பேரும் பெட்டிகளும் ஏறினால் இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு போகும். சின்ன எஞ்சின் வண்டிகளில் இரண்டு பேர் போதும், மீதிப் பேரும் பெட்டிகளும் துணை வண்டியில் வரட்டும். சீட் பெல்ட் இல்லாத கார்களில் குழந்தைகளை ஏற்றாதீர்கள், இதில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை.

எண்ணிக்கை 8 முதல் 12 வரை. அதற்கு மேல் போனால் அது ஊர்வலம், நிறுத்த இடமும் கிடைக்காது.

படி 2: பாதையைப் போய்ப் பாருங்கள்

மலையில் பழைய கார்களின் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் போதும். தரையில் இது ஒரு தூரமா என்று தோன்றும். இத்தாலியில் இருக்கும் ஸ்டெல்வியோ கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள், 2757 மீட்டர் உயரம், வடக்குப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் முதல் அல்லது இரண்டாவது கியர், ஒவ்வொன்றிலும் எடை கூடிய ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்ப வேண்டும். பல பழைய கார்களில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர்களின் சுழல் வேகத்தைத் தானாக ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் போட வேண்டுமானால் கிளட்சை இரண்டு தடவை மிதித்து நடுவில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துத்தான் போட வேண்டும். 48 தடவை அதைச் செய்து பாருங்கள், கால் சொல்லும் 150 கிலோமீட்டர் எவ்வளவு என்று.

முன்னோட்டம் பார்க்கப் போகும்போது காட்சியைப் பார்க்காதீர்கள், நிறுத்த இடத்தைப் பாருங்கள். 10 கார்கள் சாலையை அடைக்காமல், ஓரளவு சமதளத்தில் நிற்கக்கூடிய இடம் ஒவ்வொரு 20 கிலோமீட்டருக்கும், நீளமான ஏற்றமென்றால் ஒவ்வொரு 400 மீட்டர் உயரத்துக்கும் ஒன்று வேண்டும். சமதளம் ஏன் என்றால் ஜாக்கி போட. சரி, ஒரு சரிவான இடமும் குறித்து வையுங்கள். எல்லாக் குழுவிலும் செல்ஃப் சரியாக எடுக்காத ஒரு வண்டி இருக்கும், அதன் சொந்தக்காரர் எங்கே போனாலும் மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்த இடம் தேடிக்கொண்டே இருப்பார்.

எந்தத் திசையில் போவது என்பதில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சாய்வாகவும் இருக்கும் மலையில், செங்குத்துப் பக்கமாக ஏறி சாய்வான பக்கமாக இறங்குங்கள். பலர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள், பாவம் எஞ்சின், மெதுவாக ஏறட்டும் என்று. ஆனால் ஏறும்போது கொதித்தால் ஓரமாக நிற்கலாம். இறங்கும்போது பிரேக் போனால் நிற்கத்தான் முடியாது.

உயரமான பகுதியைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். மலையில் மேகம் சேர்வதும் இடி மழை வருவதும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். பெட்ரோல் பாதி டேங்க் ஆனதும் நிரப்புவது என்று எல்லோருக்கும் ஒரே விதி. ஆரம்பகால ஃபோக்ஸ்வேகன் பீட்டில்களில் பெட்ரோல் முள்ளே கிடையாது, வண்டி திணறும்போது காலால் ரிசர்வ் டேப்பைத் திருப்ப வேண்டும். அந்தத் திணறல் எப்போது வரும் என்றால், சரியாகப் பின்னால் பஸ் வரும்போது.

காப்பீட்டையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். பழைய கார்களுக்கான பாலிசிகள் சிலவற்றில் வருடத்துக்கு இவ்வளவு கிலோமீட்டர்தான் என்ற வரம்பு இருக்கும்.

படி 3: வழிப் புத்தகம்

போன் வரைபடத்தை நம்பி மலைக்குள் போகாதீர்கள். ஒவ்வொரு காருக்கும் அச்சிட்ட வழிப் புத்தகம் வேண்டும், அதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல முறை இருக்கிறது. நெதர்லாந்தின் டியூலிப் ரேலியிலிருந்து பெயர் வந்ததால் டியூலிப் படம் என்பார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சின்னக் கட்டம், உள்ளே ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி அம்பில் முடியும் கோடு. புள்ளி நீங்கள் வரும் இடம், அம்பு போக வேண்டிய இடம். பக்கத்தில் மொத்தத் தூரமும் போன கட்டத்திலிருந்து தூரமும் இருக்கும்.

ஒரே சிக்கல், பழைய மீட்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்குச் சொல்லும், டயர் அளவு மாறியிருந்தால் கேட்கவே வேண்டாம். கிளம்பும் இடத்திலிருந்து சரியாக 10 கிலோமீட்டரில் ஓர் அடையாளம் குறித்துக் கொடுங்கள். அங்கே தன் மீட்டர் 10.6 காட்டினால் நூறில் ஆறு கூடுதல் என்று ஒவ்வொருவரும் புத்தக முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

படி 4: வண்டியைத் தயார் செய்வது

ஆறு வாரம் முன்பே ஆரம்பித்து, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன் முடித்துவிட வேண்டும். முந்தின நாள் ராத்திரி எஞ்சின் வேலை முடிந்து வரும் கார் பழைய எஞ்சினோடு வரும் காரைவிட ஆபத்தானது. எந்தப் பெரிய வேலை செய்தாலும் அதற்குப் பிறகு குறைந்தது 200 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பிரேக்கில்தான் அதிக நேரம் செலவிடுங்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். 1000 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் 20 டிகிரியில் இருக்கும் 14 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சினும் காற்றும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும், மீதி முழுக்க நாலு டிரம்மில்தான் இறங்கும். டிரம் சூடாகி விரிந்தால், உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போகும். ஷூவின் மேல் இருக்கும் லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். ஆகவே ஷூ தடிமன், டிரம் வட்டமாக இருக்கிறதா, வீல் சிலிண்டரில் கசிவு உண்டா, எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள். பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் கேள்வியே கேட்காமல் மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு வந்துவிடும். ஆயில் குழாய்க்குள் கொதித்தால் ஆவிதான் இருக்கும், ஆவியை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும். 1960களுக்கு முந்தின கார்கள் பெரும்பாலும் ஒற்றை சர்க்யூட், அதாவது நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை என்பதால் ஒரு இடத்தில் கசிந்தால் நாலு சக்கரமும் போச்சு. அப்போது மிஞ்சுவது ஹேண்ட் பிரேக். அது சரிவில் உண்மையாகவே பிடிக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ரேடியேட்டர். உயரம் கூடக் கூட தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், 2000 மீட்டரில் 93 டிகிரி போதும். அழுத்த மூடி நன்றாக இருந்தால் சமாளிக்கலாம், 7 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கான மூடி கொதிநிலையை 10 டிகிரிக்கும் மேல் உயர்த்தும். மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் அது வெறும் மூடி. ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பாருங்கள், நொறுநொறு என்றால் மாற்றுங்கள். இன்னொன்று, இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் வண்டி சூடாகும். ரேடியேட்டரை மூன்று தடவை கழுவிவிட்டு டைமிங்கைப் பார்க்காதவர்களை எனக்குத் தெரியும்.

பெட்ரோல் குழாய்: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும், எத்தனாலைத் தாங்கும் புது ஹோஸ் போடுங்கள். டயரில் பக்கச் சுவரைப் பாருங்கள். 2000க்குப் பிறகு வந்த டயர்களில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் 10 வயது ஆன டயரோடு மலைக்கு வராதீர்கள். ஸ்டெப்னியும் இதில் சேர்த்தி, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

எலக்ட்ரிக்கலில் ஒன்றே ஒன்று. டைனமோ வண்டி மெதுவாக ஊர்ந்தால் அநேகமாக சார்ஜே ஆகாது. மூடுபனியில் விளக்கும் வைப்பரும் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஊர்ந்தால் பேட்டரி காலி. பழைய சில கார்களில் வைப்பர் எஞ்சின் வெற்றிடத்தில் ஓடும், ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் வைப்பர் கண்ணாடி நடுவில் நின்றுவிடும். மழையில், ஏற்றத்தில், வளைவில் அது நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காலை ஒரு நொடி எடுத்தால் ஒரு தடவை துடைக்கும், அவ்வளவுதான்.

படி 5: யார் என்ன எடுத்து வருவது

ஒவ்வொரு காரிலும்: அந்த வண்டிக்கான ஃபேன் பெல்ட், அதை மாற்றத் தேவையான ஸ்பேனர்கள் (வீட்டில் ஒரு தடவை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்), இக்னிஷனுக்கான பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், ஹோஸும் கிளாம்பும், ஃபியூஸ், 5 லிட்டர் தண்ணீர், எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கட்டுக்கம்பி, டார்ச், எதிரொளிக்கும் மேலங்கி, இரண்டு மரக்கட்டைகள். மரக்கட்டையைச் சிரிக்காதீர்கள், சரிவில் சக்கரத்துக்கு அடியில் வைக்க அதைப்போல வேறொன்று இல்லை.

தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில், சீட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும், டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் அல்ல. பானெட்டுக்குள் தீப்பிடித்தால் பானெட்டை முழுக்கத் திறக்காதீர்கள், காற்று புகுந்து தீ எழும்பும். சின்னச் சந்து வழியாக அடியுங்கள்.

பாசிட்டிவ் எர்த் வண்டிகளில் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தவை) பேட்டரிமேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். உதவ வருபவர் பழக்கதோஷத்தில் ஜம்பர் கேபிளை மாற்றிக் கொடுத்துவிட்டால் பெரிய செலவு.

இழுவைக் கயிறு, பெரிய ஜாக்கி, இக்னிஷன் காயில், முதலுதவிப் பெட்டி எல்லாம் கடைசியாக வரும் துணை வண்டியில். அது நவீன வண்டியாக, மெக்கானிக் ஓட்டுவதாக இருக்கட்டும்.

படி 6: வரிசை

காலையில் கிளம்பும் முன் பத்து நிமிடம் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசுங்கள். இரண்டு விஷயம் மட்டும் மண்டையில் ஏறினால் போதும்.

ஒன்று, உனக்குப் பின்னால் வரும் காருக்கு நீதான் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியவில்லையென்றால் வேகத்தைக் குறை, அடுத்த நல்ல இடத்தில் நில். சந்திப்பு வந்தால் பின்னால் வருபவர் உன்னைப் பார்க்கும்வரை திரும்பாதே. எல்லோரும் இதைச் செய்தால் தகவல் தானாகவே முதல் கார்வரை போய்ச் சேரும், போனே தேவையில்லை. எங்களுடைய பதினோராவது கார் விஷயத்தில் பத்தாவது கார் ஓட்டியவர் கண்ணாடியை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பத்தாவது கார் என்னுடையது.

இரண்டு, ஒட்டிக்கொண்டு போகாதே. மூன்று அல்லது நாலு கார்கள் சேர்ந்து ஒரு சின்னக் கூட்டம், கூட்டங்களுக்கு இடையே ஐந்து நிமிடம். கூட்டத்தின் கடைசிக் கார் மட்டும் அடுத்த கூட்டத்தைச் சந்திப்புகளிலும் நிறுத்தங்களிலும் பார்த்துக்கொண்டால் போதும். 10 கார்களும் ரயில் மாதிரி போனால் பின்னால் வருபவரால் முந்தவே முடியாது, அவர் ஆத்திரத்தில் வளைவில் முந்துவார். பின்னால் மூன்று வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழி விடுங்கள்.

மெதுவான காரை எங்கே வைப்பது? முதல் காருக்கு அடுத்ததாக. கடைசியில் வைத்தால் முன்னால் போகிறவர்களைப் பிடிக்க அது தன் சக்திக்கு மீறி ஓடும், நிறுத்தங்களில் ஓய்வும் கிடைக்காது. அது வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள் இல்லையா.

படி 7: ஏறும்போது

வண்டி முனகும் முன்பே கியரைக் குறையுங்கள். உயர் கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு இழுப்பதுதான் எஞ்சினைக் கொதிக்க வைக்கும். ஒரு கியர் கீழே போட்டால் ஃபேனும் தண்ணீர் பம்ப்பும் வேகமாகச் சுற்றும். சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனால் ஹீட்டரை முழுக்கத் திறந்து விடுங்கள். உள்ளே வெந்துபோவீர்கள், ஆனால் அது ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி வேலை செய்யும். பாதி மிதித்த கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், மேலே போவதற்குள் கருகல் நாற்றம் வந்துவிடும்.

நிறுத்தியதும் உடனே எஞ்சினை அணைக்காமல் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். பெல்ட் அறுந்திருந்தால் மட்டும் அந்த நொடியே அணைக்க வேண்டும். பீட்டில் போன்ற காற்றில் குளிரும் எஞ்சினில் அந்த ஒரு பெல்ட்தான் விசிறியையும் சுற்றுகிறது, அதனால் அங்கே யோசிக்கவே கூடாது. கொதிக்கும் ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரமாவது தொடாதீர்கள்.

நல்ல ஏற்றம் முடிந்து நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. பெரும்பாலும் பெட்ரோல் குழாயிலோ பம்ப்பிலோ ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். பானெட்டைத் திறந்து, ஈரத்துணியைப் பம்ப்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றி வையுங்கள், சூடான எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் படாமல். பதினைந்து நிமிடம். அதற்குள் சோக்கை இழுத்து இழுத்துச் செல்ஃப் அடித்து பேட்டரியைக் கொன்றுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. குழாய் நெடுக துணி காயப்போடும் மரக்கிளிப்புகளை மாட்டிக்கொண்டு வரும் ஆட்களும் உண்டு. அதனால் பயன் இருக்கிறதா என்றால், மாட்டியவர் நிம்மதியாக ஓட்டுகிறார்.

2500 மீட்டருக்கு மேல் போனால் ஆட்களையும் கவனியுங்கள். தலைவலி, குமட்டல் வந்தால் அந்த ஓட்டுநரை மாற்றிக் கீழே இறக்குங்கள்.

படி 8: இறங்கும்போது

ஏறிய கியரிலோ அதற்கும் ஒன்று கீழேயோ இறங்குங்கள். கியரைச் சரிவு தொடங்கும் முன்பே போட வேண்டும். வேகம் எடுத்த பிறகு சிங்க்ரோ இல்லாத பெட்டியில் தேடினால் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுபவர் குழுவில் இருந்தால் அவருக்குத் தனியாகச் சொல்லுங்கள், இரண்டாம் தடவை அழைக்காதீர்கள்.

பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வர வேண்டாம். வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டுவிடுங்கள். விடும்போதுதான் டிரம் குளிரும். பெடல் கொஞ்சம் கீழே போகிறது, அல்லது நாற்றம் வருகிறது என்றால் அடுத்த இடத்திலேயே நில்லுங்கள், கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இருபது நிமிடத்தில் அநேகமாகச் சரியாகிவிடும், தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்காதீர்கள், இரும்பு டிரம் விரிசல் விடும்.

குறுகலான இடத்தில் எதிரே வண்டி வந்தால் ஏறுபவருக்கு வழிவிடுவது பல நாடுகளில் விதி. சரிவில் நின்று கிளம்புவது அவருக்குத்தான் கஷ்டம்.

படி 9: மாலையில்

போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகச் சூடாக இருந்தால் அங்கே ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகப் போகிறது. காலையில் கிளம்பும் அவசரத்தில் இது தெரியாது. ஆயில், தண்ணீர் அளவையும் வண்டிக்கு அடியில் சொட்டுவதையும் இப்போதே பாருங்கள். எல்லாப் பழைய வண்டியும் சொட்டும், நேற்றைவிட அதிகமாகச் சொட்டுகிறதா என்பதே கேள்வி.

சூடான டிரம்மோடு ஹேண்ட் பிரேக்கை இறுக்கிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். குளிரும்போது டிரம் சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும், காலையில் சக்கரம் அசையாது. கியரில் போட்டு, முன் சக்கரத்தை ஓரம் பார்த்துத் திருப்பி, மரக்கட்டையை வையுங்கள். காலையில் கிளம்பும்போது கட்டையை எடுத்து வண்டியில் போட ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் இதுவரை நாலு கட்டைகளை மலைகளில் விட்டு வந்திருக்கிறேன்.